பழைய வைஃபை ரவுட்டர்: சரிசெய்வதா, மாற்றுவதா?

கோலாலம்பூரையும் அதைச் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளையும் எடுத்துக்கொண்டால், ஃபைபர் இணைப்பு வந்த நாளில் பொருத்திய ரவுட்டரே இன்றும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் பல. படம் பாதியில் நிற்கிறது, பிள்ளைகளின் இயங்கலை வகுப்பு அறுபடுகிறது என்றதும் சிலர் நேராக லோயாட் பிளாசா கணினிக் கடைத்தொகுதிக்குப் போய் விலை கூடிய ஒன்றை வாங்கி வருகிறார்கள். வேறு சிலர் சுவிட்சை அணைத்துப் போட்டே மேலும் ஓராண்டை ஓட்டிவிடுகிறார்கள். பணத்தைச் செலவழிப்பதற்கு முன் செய்து பார்க்க வேண்டிய சோதனைகள் சில உண்டு. அவற்றுக்கு ஒரு மாலைப் பொழுது போதும். மடிக்கணினி ஒன்றும் நல்ல நிலையில் உள்ள லேன் கேபிள் ஒன்றும் கையில் இருக்க வேண்டும்.

முதலில், கோளாறு எந்தப் பெட்டியில் என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு பெட்டிகள் இருக்கும். பச்சை முனை கொண்ட மெல்லிய கண்ணாடி இழை வந்து சேரும் பெட்டி சேவை நிறுவனத்தின் உடைமை. அதிலிருந்து புறப்படும் லேன் கேபிள் போய்ச் சேரும் இடம்தான் ரவுட்டர். புதிய இணைப்புகள் சிலவற்றில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருக்கும். இழை வரும் பெட்டியில் ‘எல்ஓஎஸ்’ என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ வெளிச்சமே உள்ளே வரவில்லை என்று பொருள். எவ்வளவு விலை உயர்ந்த ரவுட்டரை வாங்கி மாட்டினாலும் அது தீராது. யூனிஃபை ஃபைபர் சேவையின் வாடிக்கையாளர்கள் 100 என்ற எண்ணையும், மற்றவர்கள் தங்கள் நிறுவனத்தின் சேவை எண்ணையும் அழைப்பதே வழி. இழையைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

விளக்குகள் ஒழுங்காக இருந்தால், மடிக்கணினியைக் கேபிள் வழியாக ரவுட்டரில் இணைத்து, அதன் வைஃபையை அணைத்துவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். நீங்கள் கட்டணம் செலுத்தும் வேகத்துக்கு அருகில் எண் வந்தால், இணைப்பும் ரவுட்டரின் உள்வேலையும் நலமாக உள்ளன, குறை வைஃபை அலையில்தான் என்று கொள்ளலாம். 300 எம்பிபிஎஸ் திட்டத்தில் இருந்துகொண்டு, எத்தனை முறை சோதித்தாலும் 94, 95 என்ற எண்ணைத் தாண்டவில்லை என்றால், வழியில் ஏதோ ஒன்று 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு மேல் போக முடியாமல் இருக்கிறது. அது பழைய ரவுட்டரின் துளையாக இருக்கலாம். மடிக்கணினியின் துளையாக இருக்கலாம். கேபிளின் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் இதே எண் வரலாம். ஆகவே கேபிளை மாற்றிப் பார்க்காமல் ரவுட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

அடுத்த சோதனையைப் பெரும்பாலோர் அறிந்திருப்பதில்லை. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பயனுள்ளது. உலாவியில் திறக்கும் ரவுட்டரின் மேலாண்மைப் பக்கத்தில், அது கடைசியாகத் தொடங்கியதிலிருந்து எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு ‘அப்டைம்’ என்ற பெயரில் இருக்கும். இணையம் அறுந்த சிறிது நேரத்தில் அதைத் திறந்து பாருங்கள். யாரும் சுவிட்சைத் தொடாதிருந்தும் அந்தக் கணக்கு சில நிமிடங்களையே காட்டினால், ரவுட்டர் தானாகவே அணைந்து மீண்டும் எழுந்திருக்கிறது. அப்படியானால் சந்தேகம் மின்சாரத்தின் மீதும் வெப்பத்தின் மீதும் விழ வேண்டும். மாறாக, பல நாள்களாக அது இடைவிடாமல் ஓடியதாகவும் இணையத் தொடர்பு மட்டும் அடிக்கடி புதுப்பிக்கப்பட்டதாகவும் தெரிந்தால், சிக்கல் வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தானாக அணைந்து எழும் ரவுட்டரில் முதலில் பார்க்க வேண்டியது அடாப்டரை. அதற்குள் இருக்கும் மின்தேக்கிகள் வெப்பத்தில் மெல்ல உலர்ந்துபோகும் தன்மை கொண்டவை. 105 பாகை செல்சியஸில் 2,000 மணி நேரம் உழைக்கும் எனக் குறிக்கப்பட்ட மின்தேக்கி, வெப்பம் 10 பாகை குறையும்தோறும் ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் உழைக்கும் என்பது பொறியாளர்கள் பயன்படுத்தும் பொதுவான கணக்கு. அதன்படி 65 பாகையில் அதன் ஆயுள் 32,000 மணி நேரம். இடைவிடாமல் ஓடும் கருவிக்கு அது நான்கு ஆண்டுகூட இல்லை. மூடிய அலமாரிக்குள், தொலைக்காட்சிக்கும் டிகோடருக்கும் நடுவே நெருக்கி வைத்த அடாப்டர் முதுமை அடைந்திருப்பதில் வியப்பில்லை. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்து 12 வோல்ட் சரியாக வருகிறது என்று நிறைவடைந்துவிட வேண்டாம். சுமை இல்லாதபோது சரியாகக் காட்டும் அடாப்டர், ரவுட்டர் மும்முரமாக வேலை செய்யும் நேரத்தில் 10 வோல்ட்டுக்கு இறங்கிவிடக்கூடும்.

ஆகவே மாற்று அடாப்டரைப் பொருத்திப் பார்ப்பதே நம்பகமான சோதனை. அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் இருப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். ‘அவுட்புட்’ என்ற வரியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்பது போல இரண்டு எண்கள் இருக்கும். வோல்ட் அப்படியே பொருந்த வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. அருகில் ஒரு புள்ளியையும் அதைச் சூழ்ந்த வளைவையும் வரைந்து, இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறிகளைப் போட்டிருப்பார்கள். கூட்டல் குறி நடுப்புள்ளியோடு கோட்டால் இணைந்திருந்தால் முனையின் உட்பக்கம் நேர்மின் என்று பொருள். புதிய அடாப்டரிலும் அதே அமைப்பு இருக்க வேண்டும், முனையும் ஆடாமல் பொருந்த வேண்டும். கோலாலம்பூரில் புடு பக்கம் ஜாலான் பசாரில் உள்ள மின்னணுப் பொருள் கடைகளுக்குப் பழையதையே கையில் எடுத்துச் சென்றால் ஒப்பிட்டுத் தருவார்கள். பெரும்பாலும் 30 வெள்ளிக்குள் முடிந்துவிடும். அடாப்டரை உடைத்துத் திறந்து பார்க்கும் ஆர்வம் வேண்டாம். உள்ளே 240 வோல்ட் வருகிறது. கம்பியைக் கழற்றிய பிறகும் அதில் மின்னூட்டம் தங்கியிருக்கலாம்.

வெப்பத்தைத் தணிப்பதற்குச் செலவே இல்லை. ரவுட்டரை அலமாரியிலிருந்து வெளியே எடுத்து, காற்றுத் துளைகளில் படிந்த தூசியைத் தூரிகையால் துடைத்து, கூடத்தின் நடுப்பகுதியில் உயரமான இடத்தில் வையுங்கள். சாமி மேடைக்குப் பக்கத்துத் தட்டு வசதியாகத் தோன்றும். ஆனால் விளக்குப் புகையும் சாம்பிராணிப் புகையும் எண்ணெய்ப் படிவாக உள்ளே சேரும். இளஞ்சூட்டைத் தேடி எறும்பு கூடு கட்டுவதும் பல்லி புகுந்து மின்சுற்றுப் பலகையில் கருகிக் கிடப்பதும் நம் ஊரில் நடக்கிற காரியங்கள்தாம். ஒரு மாதம் இப்படி வைத்துப் பார்த்த பிறகும் பிற்பகல் வெயிலில் மட்டும் உறைந்து நிற்கிறது என்றால் உள்பாகங்கள் தளர்ந்துவிட்டன எனலாம்.

மின்னல் அடித்த கதை வேறு. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை வழக்கமானது. ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்னதிர்வு வராது. மின்கம்பி வழியாகவும் நீளமான லேன் கேபிள் வழியாகவும் வரும். மழைக்குப் பிறகு லேன் துளைகளில் ஒன்று மட்டும் செயலிழந்தால் அடுத்த துளையைப் பயன்படுத்திக்கொண்டு காலத்தை ஓட்டலாம். வெளி இணைப்பு நுழையும் துளையே போய்விட்டால் மாற்றிவிடுங்கள்; அதைப் பலகை அளவில் சரிசெய்யக் கொடுக்கும் கூலி புதிய கருவியின் விலையை நெருங்கிவிடும்.

கேபிளில் வேகம் நன்றாக வந்து, மாடி அறையில் மட்டும் வைஃபை தடுமாறினால், அது பழுதன்று. இரட்டைமாடி வரிசை வீடுகளின் செங்கல் சுவரையும் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளத்தையும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை எளிதில் தாண்டாது. புதிய ரவுட்டருக்கும் அதே சுவர்தான். அடுக்குமாடியில் அண்டை வீடுகளின் அலைகள் மோதுவதாகத் தோன்றினால், 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மேவாத 1, 6, 11 என்ற மூன்று சேனல்களில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இதுவரை சொன்னவை யாவும் ரவுட்டரைக் காப்பாற்றும் வழிகள். ஆனால் எவ்வளவு திடமாக ஓடினாலும் அதை ஓய்வுக்கு அனுப்ப வேண்டிய நிலை ஒன்று உண்டு. ரவுட்டரின் அடிப்பக்கத்தில் உள்ள மாதிரி எண்ணையும், அதன் அருகில் உள்ள பதிப்பு எண்ணையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் கடைசி ஃபர்ம்வேர் (ரவுட்டரை இயக்கும் உள்மென்பொருள்) எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள். மாதிரி ஒன்றாக இருந்தாலும் பதிப்பு வேறாக இருந்தால் ஃபர்ம்வேரும் வேறு என்பதை மறக்க வேண்டாம். ஆதரவு முடிந்தது என்று அறிவித்திருந்தால், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டை எதையும் அவர்கள் அடைக்கப் போவதில்லை. இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2018ஆம் ஆண்டில் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் பல நாடுகளில் 5 லட்சத்துக்கும் குறையாத ரவுட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் எஃப்பிஐ, ஆதரவு நின்றுபோன ரவுட்டர்களைக் குற்றவாளிகள் கைப்பற்றி, தங்கள் அடையாளத்தை மறைக்கும் இடைவழியாக அவற்றைப் பிறருக்கு விற்பதாக எச்சரித்தது. அப்படிப் பிடிபட்ட ரவுட்டர் வீட்டுக்காரருக்கு வேகமாகவே ஓடும். அதனால்தான் அவருக்குச் சந்தேகமே வருவதில்லை.

கைவேலையில் ஆர்வம் உள்ளவர்கள் ஓபன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல ஃபர்ம்வேரை ஏற்றி அத்தகைய கருவிக்கு ஆயுளை நீட்டிக்கலாம். ஆனால் 4 எம்பி ஃபிளாஷ் சேமிப்பகமும் 32 எம்பி நினைவகமும் கொண்ட பழைய மலிவுக் கருவிகள் அதன் இன்றைய பதிப்புகளைத் தாங்கா. மற்றவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மாற்றுவது என்று முடிவானால், கடைக்குப் போவதற்கு முன் சேவை நிறுவனத்தை அழையுங்கள். ஒப்பந்தக் காலத்துக்குள் அவர்கள் கொடுத்த ரவுட்டர் பழுதானால் மாற்றித் தருவது வழக்கம். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது புதிய ரவுட்டரைக் கேட்டுப் பெறவும் வாய்ப்புண்டு. ஆனால் அதற்காக மேலும் 24 மாதங்களுக்குக் கையெழுத்திட வேண்டியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு சம்மதியுங்கள். சொந்தமாக வாங்குவதானால் பினாங்கில் பிராங்கின் மால், இங்கே லோயாட் என்று தேர்வுக்குக் குறைவில்லை. கிகாபிட் துளைகள், வைஃபை 6, 2018இல் அறிமுகமான டபிள்யூபிஏ3 என்ற வைஃபை பாதுகாப்பு முறை ஆகிய மூன்றும் இருந்தால் சாதாரணக் குடும்பத்துக்குப் போதும். இவை அடங்கியவை 200 வெள்ளி அளவிலேயே கிடைக்கின்றன. வீட்டுக் கைப்பேசிகள் எதுவும் வைஃபை 7ஐ ஏற்காதபோது அதற்காக இரு மடங்கு கொடுப்பது வீண் என்பது என் கருத்து. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் விதிப்படி சிரிம் என்ற தரநிர்ணய அமைப்பின் சான்று பெற்றதா என்று பாருங்கள். யூனிஃபை இணைப்புக்கு விலேன் (இணையப் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் அடையாளம்) எண் 500ஐ உள்ளிடும் வசதியும் ரவுட்டரில் இருக்க வேண்டும்.

பழையதைக் கழற்றுவதற்கு முன், இணைப்புக்கான பயனர் பெயரும் கடவுச்சொல்லும் உங்களிடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். யூனிஃபையில் அந்தப் பெயர் ‘@’ குறிக்குப் பின் யூனிஃபை என்று முடியும். கடவுச்சொல் மறந்திருந்தால் முதலில் நிறுவனத்திடம் கேட்டுப் பெறுங்கள். மாற்றிய பிறகு தேடினால் வீடு முழுவதும் இணையமின்றிக் காத்திருக்க நேரும். புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் அப்படியே வைத்தால் கைப்பேசி, தொலைக்காட்சி, கேமரா ஆகியவை பெரும்பாலும் தாமாகவே இணைந்துகொள்ளும். பழைய கடவுச்சொல் பக்கத்து வீடுவரை பரவியிருந்தால் இதுவே மாற்றுவதற்கு நல்ல நேரம்.

ஆதரவு இன்னும் நீடிக்கும் பழைய ரவுட்டரை, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஎச்சிபி வசதியை அதில் அணைத்து, புதியதிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் துளையில் செருகி, மாடி அறைக்கான வைஃபை முனையாகப் பயன்படுத்தலாம். ஆதரவு முடிந்ததை யாருக்கும் தானமாகக் கொடுக்க வேண்டாம். ரீசெட் பொத்தானைப் பத்து விநாடிக்கு மேல் அழுத்தி உள்ளே இருக்கும் கடவுச்சொற்களை அழித்துவிட்டு, அடாப்டரோடு சேர்த்து மின்கழிவு சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது.