பிள்ளைக்கு ஐக்யூ டெஸ்ட் எடுக்கச் சொல்லிவிட்டார்களா?

ஸ்கூலில் இருந்து "ஐக்யூ பார்த்துட்டு வாங்க" என்று சொன்னவுடனே பிள்ளையைத் திட்டாதீர்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். போர்டு சரியாகத் தெரியாத பிள்ளையைத்தான் பல நேரம் மக்கு என்கிறோம்.

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு பக்கம், அங்கே கேட்டுப் பாருங்கள். தனியாரிடம் போனால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனில் வரும் பத்து நிமிட டெஸ்டெல்லாம் கணக்கிலேயே வராது.

எந்த மொழியில் டெஸ்ட் என்பதை முன்னாடியே பேசிவிடுங்கள், இதில் நான் பட்டிருக்கிறேன். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் என் மகனிடம் ஒருவர் இங்கிலீஷில் கேள்வி கேட்டார், அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கப்புறம் சிவப்பு, வெள்ளைக் கட்டைகளைக் கொடுத்து படத்தில் உள்ள மாதிரி அடுக்கச் சொன்னார்கள், அதை மட்டும் மடமடவென்று அடுக்கினான். அதனால் மொத்த எண்ணைப் பார்த்து உட்கார்ந்துவிடாமல், எந்தப் பகுதியில் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

டெஸ்ட் அன்று நன்றாகத் தூங்கி, இட்லியோ எதுவோ சாப்பிட்டுப் போகட்டும், சளி காய்ச்சல் இருந்தால் தேதியை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் ஆகலாம். கேள்விகளை முன்கூட்டியே சொல்லிக் கொடுக்க வேண்டாம். அதே டெஸ்டைச் சீக்கிரமே திரும்ப எடுத்தாலும் பழக்கத்தில் மார்க் ஏறிவிடும், உண்மை தெரியாது.

ரிப்போர்ட்டில் பினே-காமத், மாலின் என்று டெஸ்ட் பெயர் இருக்கும். மாலின் என்பது, அமெரிக்க உளவியலாளர் வெக்ஸ்லரின் குழந்தைகள் டெஸ்டை இந்தியப் பிள்ளைகளுக்காக மாற்றியது. பொதுவாக இப்போதைய டெஸ்ட்களில் 100 சராசரி, நூறு பேரில் 68 பேர் 85-க்கும் 115-க்கும் நடுவில் வருவார்கள். 70-க்குக் கீழே வந்தால்கூட அந்த ஒரு எண்ணை வைத்து அறிவுத்திறன் குறைபாடு என்று சொல்ல முடியாது. தானே குளிக்கிறானா, கடைக்குப் போய் மீதிச் சில்லறையை எண்ணி வாங்கி வருகிறானா என்றும் டெஸ்ட் எடுப்பவர்கள் கேட்க வேண்டும், நீங்களும் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கும், தலையில் அடிபட்ட பிறகோ மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காகவோ, டெஸ்ட் உண்டு, 16 வயதுக்கு மேல் தனி டெஸ்ட்.

படிப்பு ஏறாததற்குக் கற்றல் குறைபாடு (அறிவு இருந்தும் வாசிப்பதிலோ எழுதுவதிலோ கணக்கிலோ திணறுவது) காரணமாக இருக்கலாம், அதற்கு வேறு டெஸ்ட். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் அதுவும் சேர்ந்திருப்பதால், அந்தச் சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ரிப்போர்ட்டை நாலு ஜெராக்ஸ் எடுத்துவிட்டு ஒரிஜினலைப் பத்திரமாக வையுங்கள், ஸ்கூல் கேட்டால் ஜெராக்ஸை மட்டும் கொடுங்கள்.