மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பிறகு: கை வீக்கத்திலும் மாத்திரையிலும் நடக்கும் தவறுகள்

சிகிச்சை முடிந்ததோடு பக்கவிளைவுகளும் ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். ஆனால் சில விளைவுகள் மாதங்கள், ஏன், ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும்.

அக்குளில் நிணநீர் முடிச்சுகளை (உடலின் நிணநீரை வடிகட்டும் சிறு முடிச்சுகள்) எடுத்தவர்களுக்கும் அங்கே கதிர்வீச்சு பெற்றவர்களுக்கும் அந்தப் பக்கக் கை வீங்கலாம். வீக்கம் கண்ணுக்குத் தெரியட்டும் என்று காத்திருப்பதே பெரிய தவறு. அதற்கு முன்பே கை கனக்கும், மோதிரம் இறுகும், கடிகாரப் பட்டை தடம் பதிக்கும். இரண்டு கைகளையும் மணிக்கட்டிலும், முழங்கைக்கு 10 செ.மீ. மேலும் கீழும் அளந்து குறித்து வையுங்கள். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த அளவு இருந்தால் இன்னும் நல்லது. இரு கைகளுக்குமான வித்தியாசம் முன்பைவிட 2 செ.மீ. கூடினால் தாமதிக்காமல் காட்டுங்கள். நாள்பட விட்டால் தோலுக்கடியில் கொழுப்பும் நாரும் படிந்து கை கெட்டிப்படும். பிறகு கையில் இறுக்கமாக மாட்டும் அழுத்த உறை போட்டாலும் முழுதாக வற்றாது. அந்த உறையையும் அளவெடுக்காமல் வாங்காதீர்கள். மேல் விளிம்பு சுருண்டு கயிறுபோல் இறுக்கினால், நீர் அதற்குக் கீழே தேங்கும்.

கையை அசைக்காமல் பொத்திப் பொத்தி வைப்பதும் வேண்டாம். பயிற்சியாளர் மேற்பார்வையில் எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கலாம். கை திடீரென்று சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. அன்றே ஆன்டிபயாடிக் தேவைப்படும், அப்போது நீவிவிடக் கூடாது.

அடுத்தது, 5 முதல் 10 ஆண்டுகள் எடுக்க வேண்டிய ஹார்மோன் மாத்திரை. லெட்ரோசோல், அனஸ்ட்ரசோல் தரும் மூட்டுவலி தாங்காமல் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார்கள். வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது, கேளுங்கள். லெட்ரோசோலும் அனஸ்ட்ரசோலும் எலும்பைத் தேய்ப்பதால், தொடங்கும்போதே எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுப்பது நல்லது. எலும்புக்காக சோலெட்ரானிக் ஆசிட் ஊசி போடுவதாக இருந்தால், பல் பிடுங்கும் வேலையை அதற்கு முன்பே முடியுங்கள். பின்னால் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு.

தமாக்சிஃபென் என்ற இன்னொரு ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் கருப்பையைப் பரிசோதிக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தக்கட்டாக இருக்கலாம். மனச்சோர்வுக்கான பராக்ஸெடின், ஃப்ளூவாக்ஸெடின் இரண்டும் தமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடியவை. வேறு மருத்துவர் எழுதித் தந்தாலும் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மாடிப்படி ஏறும்போது புதிதாக மூச்சு வாங்குவதை வயதின் மேல் போடாதீர்கள். இதயத்தைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் மருந்துகளைப் பெற்றவர்களுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்க்க வேண்டிய அறிகுறி அது. மருந்தின் பெயர், மொத்த அளவு, கதிர்வீச்சு எந்தப் பக்கம் என்று எழுதிய ஒரு தாளைக் கைவசம் வைத்திருந்து, புதிதாகப் பார்க்கும் எந்த மருத்துவரிடமும் காட்டுங்கள்.