எந்த இறைச்சி பிடிக்கும்? நாக்கிடமே கேட்டுப் பாருங்கள்

"கோழியா, ஆடா, எது பிடிக்கும்?" என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று பதில் சொல்லிவிடுவார்கள். அந்தப் பதிலில் பழக்கம், விலை, உடல்நலக் கவலை எல்லாம் கலந்திருக்கும். ருசியை மட்டும் தனியாக அறிய, கண்ணைக் கட்டிவிட்டுச் சாப்பிடக் கொடுங்கள்.

1. யார் எதைச் சாப்பிட மாட்டார்கள், யாருக்கு எது ஒவ்வாது என்று முதலில் கேளுங்கள். என்னென்ன இறைச்சி என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைப்பது வரிசையை மட்டும்தான். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

2. மூன்று வகை போதும்: கோழி, ஆடு, பன்றி என்று வைத்துக்கொள்வோம். அதிகம் உழைக்கும் தசை கடினமாக இருக்கும் என்பதால், ஆட்டிலும் பன்றியிலும் முதுகுப் பகுதியாகக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பை முழுக்கச் சீவிவிடாதீர்கள். ஆட்டுக்கே உரிய அந்த வாசனை பெரும்பாலும் கொழுப்பில்தான் இருக்கிறது. அது போனால் எது எந்த இறைச்சி என்று கண்டுபிடிப்பதே சிரமம்.

3. ஒரே அளவுத் துண்டுகள், உப்பு மட்டும். மசாலா போட்டால் மசாலாவுக்குத்தான் மதிப்பெண் விழும். மூன்றும் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் எட்டும்வரை வேகட்டும்.

4. கண்ணைக் கட்டுவது விளையாட்டுக்கு அல்ல. இறைச்சிக்குச் சிவப்பு நிறம் தரும் மயோகுளோபின் என்ற புரதம் ஆட்டிறைச்சியில் அதிகம், கோழியின் மார்பில் மிகக் குறைவு. அதனால் வெந்த பிறகும் நிறமே காட்டிக்கொடுத்துவிடும். (பொட்டலத்தில் தேங்கும் சிவப்பு நீரும் ரத்தம் அல்ல, இந்தப் புரதம் கலந்த நீர்தான்.)

5. தட்டுகளுக்கு 417, 862, 295 என்று ஏதாவது எண் கொடுங்கள். 1, 2, 3 வேண்டாம். 'ஒன்று' என்றாலே உசத்தி என்று மனசு சாயும். ஆளுக்கு ஆள் வரிசையை மாற்றுங்கள், பசியில் முதல் துண்டு எப்போதும் பிரமாதமாகத்தான் இருக்கும். இடையிடையே ஒரு வாய் தண்ணீர்.

6. ஒவ்வொருவராக அழைத்து 1 முதல் 9 வரை மதிப்பெண் கேளுங்கள். 9 என்றால் ரொம்பப் பிடித்தது, 5 என்றால் பரவாயில்லை. மென்மை, சாறு, வாசனை மூன்றுக்கும் தனித்தனியாகக் கேட்டால் இன்னும் நல்லது. மற்றவர்கள் வெளியே இருக்கட்டும். ஒருவர் "ஆஹா" என்றால் போதும், அடுத்தவர் மதிப்பெண் ஏறிவிடும்.

7. கடைசியில் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓர் இறைச்சிக்கு எல்லோரும் 6 கொடுத்திருக்கலாம். இன்னொன்றுக்குப் பாதிப் பேர் 9, பாதிப் பேர் 3. இரண்டுக்கும் சராசரி 6தான். எல்லோருக்கும் சேர்த்துச் சமைப்பதென்றால் நான் முதலாவதை எடுப்பேன்; இரண்டாவதை அந்த 9 போட்டவர்கள் வரும் நாளுக்கு வைத்துக்கொள்வேன்.