ரெக்ஸம் கவுன்சில்: எந்தக் காரியத்துக்கு யாரிடம் போவது?

வடக்கு வேல்ஸில் உள்ள ரெக்ஸமுக்கு, மேலோர் ஆஸ்பத்திரி வேலைக்கோ ரெக்ஸம் பல்கலைக்கழகப் படிப்புக்கோ வந்து இறங்கியதும் உள்ளாட்சி மன்றமான கவுன்சிலிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கும். வெல்ஷ், ஆங்கிலம் இரண்டிலும் இருக்கும். வெல்ஷ் பக்கத்தைப் பார்த்ததும் விளம்பரம் என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. ‘கங்ஙொர்’ என்றால் கவுன்சில், ‘த்ரெத்’ என்றால் வரி. இரண்டும் ஒரே உறையில் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேல்ஸில் மொத்தம் 22 கவுன்சில்கள். 1996 ஏப்ரல் முதல் எல்லாமே ஒரே அடுக்கு. இங்கிலாந்தின் சில பகுதிகளைப் போல மாவட்டத்துக்கு ஒன்று, கவுண்டிக்கு ஒன்று என்ற குழப்பம் கிடையாது. பள்ளிக்கூடம், குப்பை, உள்ளூர்ச் சாலை, நூலகம், கவுன்சில் வீடு, சமூக சேவை, பிறப்பு இறப்புப் பதிவு, கட்டட அனுமதி எல்லாம் ஒரே கூரையின் கீழ். ரெக்ஸம் ஊர் 2022இல் சிட்டி ஆனது. அதனால் கவுன்சிலின் அதிகாரம் எதுவும் கூடவில்லை. ருவாபன், சர்க், ரோஸ் போன்ற சுற்றுவட்டார ஊர்களையும் முன்புபோல இதே கவுன்சில்தான் நிர்வகிக்கிறது.

கவுன்சிலிடம் இல்லாதவை எவை என்பதையும் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். டாக்டர், ஆஸ்பத்திரி விவகாரம் பெட்சி கட்வாலடர் சுகாதார வாரியத்துடையது. ஏ483 நெடுஞ்சாலை வெல்ஷ் அரசின் பொறுப்பு. அதில் உள்ள பள்ளத்துக்குக் கவுன்சிலரைத் திட்டிப் பயனில்லை. விசா முழுக்க லண்டன் உள்துறை. எனவே விசா சிக்கலுக்கு எம்பி, ஆஸ்பத்திரிச் சிக்கலுக்கு செனெத் (வேல்ஸ் நாடாளுமன்றம்) உறுப்பினர், குப்பை எடுக்காததற்குக் கவுன்சிலர்.

அதிகம் பேர் அடிபடுவது கவுன்சில் வரியில். வேல்ஸில் வீடுகள் ஏ முதல் ஐ வரை 9 பிரிவுகள். 2003 ஏப்ரலில் அந்த வீடு என்ன விலை போயிருக்கும் என்பதுதான் கணக்கு. இங்கிலாந்தில் இருக்கும் நண்பரின் பில்லோடு ஒப்பிடாதீர்கள், அங்கே 1991 விலை. டி பிரிவு 9 பங்கு என்றால் ஏ பிரிவுக்கு 6, ஐ பிரிவுக்கு 21. பில்லில் கவுன்சிலின் பங்கோடு வடக்கு வேல்ஸ் போலீசுக்கும், உங்கள் பகுதியின் சமூகக் கவுன்சில் என்ற சிறிய உள்ளூர் மன்றத்துக்கும் சேர்த்தே வசூலிக்கிறார்கள். வழக்கமாக 10 தவணை. கேட்டால் 12 ஆக்கித் தருவார்கள்.

வீட்டில் கணக்கில் வரும் பெரியவர் ஒருவர்தான் என்றால் 25 சதவீதத் தள்ளுபடி. முழுநேர மாணவர் கணக்கில் வரமாட்டார். ஆகவே மனைவி நர்ஸ், கணவர் முழுநேர மாணவர் என்றால் அந்தத் தள்ளுபடி கிடைக்கும். வேலைக்குப் போகும் இருவரோடு ஒரு மாணவர் தங்கியிருந்தால் கிடைக்காது. எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் வரியே இல்லை. எதுவும் தானாக வராது; பல்கலைக்கழகச் சான்றிதழோடு விண்ணப்பிக்க வேண்டும். படிப்பு முடியும் தேதியோடு விலக்கும் முடிந்துவிடும். ‘விசா இன்னும் இருக்கிறதே’ என்று சும்மா இருந்தவர்களுக்குச் சில மாதம் கழித்து மொத்தமாக பில் வந்திருக்கிறது.

பொதுநிதி உதவி பெறக்கூடாது என்ற நிபந்தனை விசாவில் இருந்தால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். 25 சதவீதத் தள்ளுபடி பொதுநிதி அல்ல, தயங்காமல் கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக் குறைப்புத் திட்டம் பொதுநிதி. அதற்கு விண்ணப்பித்தால் விசாவுக்கே ஆபத்து. ஆங்கிலத்தில் ‘டிஸ்கவுண்ட்’, ‘ரிடக்ஷன்’ என்ற இரண்டு பெயர்களும் காதில் ஒன்றுபோலவே விழும்.

ஒரு தவணை தவறினால் நினைவூட்டல் வரும், 7 நாளில் கட்டினால் பிரச்சினை இல்லை. கட்டாவிட்டால் தவணை வசதி போய் அந்த ஆண்டின் பாக்கி முழுவதையும் கேட்பார்கள், அடுத்து நீதிமன்றச் செலவும் சேரும். கூட்டாக ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, எல்லோரும் வேலைக்குப் போகிறவர்களாக இருந்தால், நண்பர் கட்டாத பங்கையும் உங்களிடமே கேட்கலாம். அறை அறையாகத் தனித்தனி ஒப்பந்தம் போட்ட வீடு என்றால் பொதுவாக வீட்டுக்காரர்தான் வரி கட்ட வேண்டும். வாடகை பேசும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாடகை என்றதும் இன்னொன்று. வீட்டுக்காரர் ‘ரென்ட் ஸ்மார்ட் வேல்ஸ்’ அமைப்பில் பதிவு செய்திருக்க வேண்டும். அதன் பட்டியலில் முகவரியைப் போட்டு யாரும் பார்க்கலாம். குடிபுகுந்த 14 நாளுக்குள் எழுத்து வடிவில் ஒப்பந்தம் தர வேண்டும். வாடகைக்கு முன் விசாவைச் சோதிக்கும் சட்டம் இங்கிலாந்துக்கு உரியது, வேல்ஸில் நடைமுறையில் இல்லை.

இனி ஓட்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். செல்லுபடியாகும் விசாவில் இங்கே வசித்தால் போதும், பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமலே எல்லாத் தேர்தலிலும் ஓட்டுப் போடலாம். நம்மவர்கள் பலர் இதை நம்ப மறுத்து ஆண்டுகளைக் கடத்துகிறார்கள். கவுன்சில், செனெத் தேர்தல்களுக்கு 16 வயது, லண்டன் நாடாளுமன்றத்துக்கு 18. நேஷனல் இன்ஷூரன்ஸ் எண்ணோடு இணையத்தில் பதிய ஐந்து நிமிடம். தேர்தலுக்கு 12 வேலைநாள் முன்பே முடித்திருக்க வேண்டும். வீடு மாறினால் மறுபடி பதிய வேண்டும். பட்டியலில் பெயர் இருந்தால் வங்கிக் கடன், போன் ஒப்பந்தத்துக்கு முகவரியைச் சரிபார்ப்பதும் எளிது. நாடாளுமன்றத் தேர்தலுக்குப் புகைப்பட அடையாளம் கட்டாயம்; உங்கள் நாட்டு பாஸ்போர்ட்டே செல்லும். கவுன்சில், செனெத் தேர்தல்களுக்கு அது தேவையில்லை.

கவுன்சிலில் 56 பேர், 5 ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல். 2022 மேயில் நடந்தது, அடுத்தது 2027 மே. கட்சிக் கணக்கில் ரெக்ஸம் கொஞ்சம் விநோதமான ஊர். 2022இல் அதிகம் ஜெயித்தவர்கள் எந்தக் கட்சியும் சாராத சுயேச்சைகள். அவர்கள் கன்சர்வேடிவ்களோடு சேர்ந்து நிர்வாகம் அமைத்தார்கள், லேபரும் வேல்ஸ் தேசியக் கட்சியான ப்ளைட் கம்ரியும் எதிர்வரிசையில். நம் ஊர் சுயேச்சை போல டெபாசிட் இழக்கிறவர்கள் அல்ல இவர்கள். மேயர் பதவி பெரும்பாலும் மரியாதைக்கு. முடிவெடுப்பது தலைவரும் செயற்குழுவும். உண்மையான சண்டை வீடு கட்டும் நிலத்தைப் பற்றியது. ஊரின் நிலத் திட்டத்தைக் கவுன்சிலர்கள் 2023இல் இருமுறை நிராகரிக்க, விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

பிள்ளைகளுக்கு ஆண்டின் நடுவில் பள்ளி தேடினால் பொதுப் பள்ளிகளுக்குக் கவுன்சிலின் சேர்க்கைப் பிரிவில்தான் விண்ணப்பம். மதம் சார்ந்த சில பள்ளிகள் தாமே முடிவெடுக்கும். தொடக்கப் பள்ளியில் எல்லாப் பிள்ளைக்கும் மதிய உணவு இலவசம். இலவசப் போக்குவரத்து, பொருத்தமான அருகிலுள்ள பள்ளி தொடக்கநிலைக்கு 2 மைல், உயர்நிலைக்கு 3 மைல் அல்லது அதற்கு மேல் இருந்தால்தான். தூரத்துப் பள்ளியை நீங்களாக விரும்பி எடுத்தால் பஸ் செலவு உங்களுடையது.

குறை சொல்லும்போது நேரே கவுன்சிலரிடம் ஓடாதீர்கள். முதலில் கவுன்சிலின் இணையதளத்தில் பதிந்து குறிப்பு எண் வாங்குங்கள். பதில் வராவிட்டால் அந்த எண், தேதி, போட்டோவோடு உங்கள் வார்டு கவுன்சிலருக்கு நாலு வரி மின்னஞ்சல். எண் இல்லாத புகாரை அவரும் ‘பதிவு செய்தீர்களா’ என்று கேட்டுத் திருப்பிவிடுவார். அதற்கும் தீரவில்லை என்றால் முறையான புகார். அதன் பதிலும் திருப்தி இல்லை என்றால் பொதுச்சேவைப் புகார்களைத் தனித்து விசாரிக்கும் வேல்ஸ் பொதுச்சேவை ஆம்பட்ஸ்மன். சிக்கல் தெரிந்த 12 மாதத்துக்குள் போக வேண்டும், கட்டணம் கிடையாது.