கதிர்காமப் பாதயாத்திரை: லீவில் வருபவர்கள் எங்கிருந்து நடக்கலாம்?

யாழ்ப்பாணத்துத் தொண்டைமானாறு செல்வச்சந்நிதி முருகன் கோயிலில் வேல் எடுத்துக்கொண்டு புறப்படும் அடியார்கள் முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்று கரையோரமாகவே நடந்து கதிர்காமம் போய்ச் சேர ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும். தூரம் ஏறத்தாழ 570 கிலோமீற்றர். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ மூன்று வார லீவில் வருபவருக்கு அது கட்டாது. அதனால் நம்மவர்கள் பெரும்பாலும் காடு தொடங்கும் உகந்தைக்கு வாகனத்தில் போய் இறங்கி, காட்டை மட்டும் நடந்து முடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அதுவும் யாத்திரைதான். ஆனால் என்னைக் கேட்டால், கையில் பன்னிரண்டு நாள் இருந்தால் மட்டக்களப்பு வாவிக்கரை மண்டூரிலிருந்து நடங்கள் என்பேன். வழியிலுள்ள ஊர்களைக் கண்டவர்களுக்குத்தான் காட்டுக்குள் நுழையும்போது யாருடைய சோற்றில் நடக்கிறோம் என்பது தெரியும்.

முதலில் தேதி. விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று ஜனவரியிலேயே பதிந்துவிட வேண்டாம். கதிர்காமக் கொடியேற்றம் அமாவாசையை ஒட்டி வரும், தீர்த்தம் பௌர்ணமியில் வரும். சில ஆண்டு ஜூன் பிற்பாதியிலேயே கொடியேறிவிடும், சில ஆண்டு ஜூலை கடைசி வரை தள்ளும். ஐரோப்பாவின் பள்ளிக்கூட விடுமுறையோடு அது எல்லா வருடமும் பொருந்தாது. அதைவிட முக்கியம், உகந்தையிலிருந்து போகும் காட்டுப்பாதை ஆண்டு முழுக்கத் திறந்திருப்பதில்லை. அது குமண, யால தேசிய வனங்களுக்குள் போகிற பாதை. அதிகாரிகளும் கோயில்காரரும் கூடிப் பேசித் திறக்கும் நாளையும் மூடும் நாளையும் அறிவிப்பார்கள், இடையில் கிடைப்பது சுமார் இரண்டு வாரம். அம்பாறைப் பக்கம் சொந்தக்காரர் யாராவது இருந்தால் அவர்களிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அறிவித்த நாள் கடைசி நேரத்தில் மாறியும் இருக்கிறது, ஆகவே இரண்டு மூன்று நாளைக் கையில் மிச்சம் வையுங்கள்.

வெளிநாட்டுப் பாஸ்போட் உள்ளவர்கள் பயண அனுமதியை இணையத்திலேயே எடுத்துவிடலாம். வழமையாகக் கிடைப்பது 30 நாள். செல்வச்சந்நிதியிலிருந்தே நடக்கப் போகிறவர்கள் அதை நீட்டிக்க வேண்டியிருக்கும், அந்த அலுவலைப் புறப்படுவதற்கு முன்னமே முடித்துவிடுங்கள்.

மண்டூருக்குப் போக மட்டக்களப்பிலிருந்து களுவாஞ்சிகுடி வந்து, குருமண்வெளித் துறையில் ‘பாதை’ என்று சொல்லும் மிதவைப் படகில் ஏறி வாவியைக் கடப்பது வழக்கம். மண்டூர் முருகனைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். கதிர்காமத்தைப் போலவே இங்கும் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வார்கள். இந்த வழிபாட்டை இங்கே ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனால் கதிர்காமத்தில் மூலவரை மறைத்திருக்கும் திரைக்கு முன்னால் நிற்கும்போது மனம் தடுமாறாது.

அங்கிருந்து பாண்டிருப்பு, காரைதீவு, அக்கரைப்பற்று, தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று போகும். தனியாக நடக்க வேண்டாம். வேல் தாங்கி முன்னே போகும் வேல்சாமியிடம் கேட்டு ஒரு குழுவோடு சேர்ந்துகொள்ளுங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பி, வெயில் ஏற முன்னமே அடுத்த கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவார்கள். ஆனி, ஆடியில் கிழக்கில் வீசும் கச்சான் காற்று உதட்டை வெடிக்க வைத்துவிடும், பத்து மணிக்கு மேல் நடப்பது வீண்பாடு. குழுவில் எல்லாருக்கும் ஒரே பெயர்: சாமி. டொக்டரும் சாமி, மேசன் வேலை செய்கிறவரும் சாமி, எட்டு வயதுப் பிள்ளையும் சாமி. நீங்கள் எந்த நாட்டிலிருந்து வந்தீர்கள் என்று ஓரிருவர் கேட்பார்கள், அப்புறம் அதுவும் மறந்து போகும்.

காரைதீவு தாண்டி ஒரு வீட்டு வாசலில், இருட்டு விலகாத நேரத்தில், ஒரு வயதான அம்மா பெரிய கிடாரத்தில் கஞ்சி வைத்துக்கொண்டு காத்திருந்தார். சிரட்டையில் ஊற்றித் தருவதற்கு முன் ஒவ்வொருவர் காலிலும் செம்பால் தண்ணீர் வார்த்தார். நான் கூச்சத்தில் காலைப் பின்னுக்கு இழுத்தேன். “வையுங்கோ சாமி, இது உங்களுக்கில்ல, நடக்கிற காலுக்கு” என்றார். சாய்ந்தமருதிலும் பொத்துவிலிலும் முஸ்லிம் கடைக்காரர்கள் தண்ணீர்ப் போத்தலை நீட்டுவார்கள், அதையும் மறுக்காமல் வாங்குங்கள். யாரும் காசு எதிர்பார்ப்பதில்லை. கொடுக்கத்தான் வேண்டும் என்று மனம் கேட்டால் அன்னதானம் போடும் கோயில் உண்டியலில் போடுங்கள். வீட்டுக்காரர் கையில் திணித்தால் அவர்கள் மனம் நோகும்.

பை எவ்வளவு இலேசாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இரண்டு வேட்டி அல்லது சாரம், பெண்களுக்கு இரண்டு பருத்திச் சேலையோ சுடிதாரோ, கீழே விரிக்க ஒரு படங்கு, போர்வை, ரோச், பவர் பாங்க், வாய் அகன்ற தண்ணீர்ப் போத்தல் இரண்டு. வெறுங்காலில் நடக்கும் விரதம் உங்களுக்கு இல்லையென்றால் பழகிய செருப்பைப் போடுங்கள். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்தால் உடைக்காமல் சுத்தமாகக் கட்டுங்கள். மருந்துக் கடையில் ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனித் தூள்) பொட்டலம் பத்துப் பதினைந்து வாங்கிக்கொள்ளுங்கள், வெயிலில் உடம்பு வற்றும்போது அதைப்போல் கைகொடுப்பது வேறில்லை. 2016இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்துவிட்டது, ஆனால் டெங்கு இருக்கிறது. நுளம்புக்குப் பூசும் மருந்து அவசியம். பிரஷர், சீனி வியாதிக்கு மருந்து எடுப்பவர்கள் தேவைக்கு மேல் ஒரு வாரத்துக்கானதை வைத்திருங்கள்.

பாணமைக்குப் பிறகு உகந்தை. கடலோரப் பாறைகளுக்கு நடுவே முருகன் கோயில். கடைசியாக ஆறுதலாகப் படுத்து எழும்பக்கூடிய இடமும் இதுதான். நான்கைந்து நாளுக்கான அரிசி, பருப்பு, அவல், சீனி, தேயிலை எல்லாவற்றையும் பொத்துவிலிலேயே வாங்கிவிடுங்கள். காட்டு வாசலில் பெயரும் பாஸ்போட் இலக்கமும் பதிவார்கள். பொலித்தீன் உள்ளே கொண்டுபோகாதீர்கள். யானையின் வயிற்றுக்குள் போவது நாம் எறியும் அந்தப் பைதான்.

உள்ளே தொலைபேசி சிக்னலை நம்ப முடியாது. வாகூரவெட்டை கடந்து குமுக்கன் ஆறு வரும். மருத மரங்கள் கவிந்து நிற்கும் அந்த ஆற்றங்கரையில் ஒரு பகல் தங்கிக் குளித்துச் சமைத்துச் சாப்பிடுவது எல்லாரும் செய்வது. அதற்கப்பால் நாவலடி, வியாழை. இந்தப் பகுதிதான் கடினம். நிழல் குறைவு, மணல் சுடும். பவுசரில் (தாங்கி வண்டியில்) தண்ணீர் வைத்திருப்பார்கள், ஆனாலும் அதை மட்டும் நம்பி நடக்காமல் போத்தலை எப்போதும் நிரப்பி வையுங்கள். இருட்டில் கூட்டத்தை விட்டு விலக வேண்டாம், யானையும் கரடியும் உள்ள காடு. கழிவறை இல்லை. பெண்கள் இருவர் மூவராகச் சேர்ந்தே ஒதுங்கப் போங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை இதற்குள் கூட்டிப் போவதை நான் விரும்பவில்லை. அவர்களைப் பொத்துவிலிலிருந்து உகந்தை வரை நடக்க வைத்தால் போதும். அதுவே அவர்களுக்குப் பெரிய விஷயம்.

வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம் தாண்டினால் கதிர்காமம். மாணிக்க கங்கையில் முழுகி, ஈரத் துணியோடு சந்நிதிக்குப் போங்கள். திரைதான் தெரியும், மூலவரைக் காண முடியாது. பக்கத்திலேயே தெய்வானை அம்மன் கோயிலில் நம் முறையில் பூசை நடக்கும். கால் தாங்கினால் மறுநாள் விடியப்புறம் கதிரமலை ஏறுங்கள், பின்னேரம் செல்லக் கதிர்காமம் போகலாம்.

தீர்த்தம் வரை நிற்பதானால் அறையை மாதக்கணக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள். கிடைக்காவிட்டால் திசமகாராமையில் தேடலாம், பஸ் அடிக்கடி உண்டு. கொழும்புக்கு நேரடி பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் தீர்த்தம் முடிந்த அன்று இடம் பிடிப்பது பெரும்பாடு. விமானத்தை அடுத்த நாளுக்கு வைக்காமல் இரண்டு நாள் விட்டுப் போடுங்கள், கால் வீக்கம் வற்றவும் அந்த நேரம் வேண்டும்.