முடிவெடுத்தவர் ஒருவர், சுமந்தவர்கள் எத்தனை பேர்? கதைகளில் அறத்தெரிவை வாசித்து எழுதப் பழகுவோருக்கு

யாழ்ப்பாணத்தில் உயர்தரத் தமிழ் படிக்கும் பிள்ளைகள் கோவலனைப் பற்றி எழுதிக்கொண்டு வரும் கட்டுரைகளைத் திருத்துகிறபோது நான் அடிக்கடி காண்பது இரண்டு வசனங்களைத்தான்: கோவலன் தவறு செய்தான், அதற்குரிய பலனை அடைந்தான். இவை பிழையான வசனங்கள் அல்ல. ஆனால் இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் 30 காதைகளில் சொன்ன ஒன்றை இரண்டு வரியில் மூடிவிட்டால், அந்த வீட்டில் இருந்த மற்றவர்களுக்கு என்ன நடந்தது என்ற கேள்வி கேட்கப்படாமலே போய்விடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்டு, விடை தேடி, ஒரு பக்கத்தில் எழுதுவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக விளக்குகிறேன். ஒரு கொப்பி, நீலம் ஒன்றும் சிவப்பு ஒன்றுமாக இரண்டு பேனைகள், உரையோடு கூடிய மூலநூல் ஆகியவை போதும். கதைச்சுருக்கத்தை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது; சுருக்கத்தில் முதலில் விடுபடுகிறவர்கள்தான் நாம் தேடப்போகிற ஆட்கள்.

முதற்படி: தெரிவு நடந்த இடத்தைப் பிடியுங்கள்

ஒரு கதையில் ஒருவர் உண்மையாகவே ஒன்றைத் தெரிவுசெய்யும் இடங்கள் சிலவே. அதைக் கண்டறிய ஒரு சோதனை இருக்கிறது: அந்த நேரத்தில் அவருக்கு இன்னொரு வழி திறந்திருந்தது என்பதற்குக் கதைக்குள்ளேயே சான்று உண்டா? உண்டென்றால் அது தெரிவு. இல்லையென்றால் அது வெறும் நிகழ்ச்சி.

கொலைக்களக் காதையை எடுத்துக்கொள்வோம். கூத்து மகளிரின் ஆடலிலும் பாடலிலும் பாண்டியனின் மனம் சென்றதை எண்ணி ஊடிய கோப்பெருந்தேவி, தலைநோவு என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைத் தணிக்க அரசன் அந்தப்புரத்தை நோக்கி நடக்கிறான். அந்த வழியில்தான், அரசியின் சிலம்பைத் தானே திருடிய பொற்கொல்லன் வந்து காலில் விழுந்து, கள்வன் அகப்பட்டான் என்று கோவலனைக் காட்டிக்கொடுக்கிறான். அரசன் சொன்ன வார்த்தைகள் மிகச் சில: சிலம்பு கள்வனின் கையில் இருக்கும் ‘ஆகில்’, கொன்று அதைக் கொண்டு வருக. அந்த ‘ஆகில்’ என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போடுங்கள். நிபந்தனை இருந்திருக்கிறது, அந்த நிபந்தனையைச் சரிபார்க்க ஆள்தான் இல்லை, ஏனென்றால் காவலரைக் கோவலனிடம் கூட்டிக்கொண்டு போகிறவன் திருடனாகிய அதே பொற்கொல்லன். அரசன் இரண்டு நிமிடம் நின்று விசாரித்திருக்கலாம். நிற்கவில்லை, ஏனென்றால் அவனுடைய வீட்டில் ஒரு பிணக்கு இருந்தது, அதைத் தீர்க்கும் அவசரத்தில் இன்னொரு வீடு அழிந்தது.

அடுத்த தெரிவு காவலருடையது. பிள்ளைகள் இதைக் கவனிப்பதே இல்லை. கோவலனைப் பார்த்ததும், இவன் கொல்லப்பட வேண்டியவன் அல்லன் என்று அவர்களுள் ஒருவர் சொல்லவே செய்கிறார். பொற்கொல்லன் கள்வர்களின் தந்திரங்களை நீட்டி முழக்கிப் பேசப் பேச அந்தத் தயக்கம் கரைகிறது. கடைசியில் கல்லாத குடியன் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். ஆகவே ‘அரசன் பிழை’ என்று எழுதுமுன், தடுத்திருக்கக்கூடிய கைகள் எத்தனை இருந்தன என்பதையும் எண்ணுங்கள்.

இரண்டாம் படி: வீட்டாரின் படத்தை வரையுங்கள்

கலியாணத்துக்குச் சொல்லப் போகுமுன் ஆச்சிமார் திண்ணையில் இருந்தபடி, யார் வீட்டை விட்டாலும் குறை வரும் என்று விரல்விட்டு எண்ணுவதைக் கண்டிருப்பீர்கள். அதே கவனத்தோடு ஓர் ஒற்றையில் எல்லோரையும் எழுதுங்கள். கோவலனின் தந்தை மாசாத்துவான், தாய். கண்ணகியின் தந்தை மாநாய்கன், தாய். மாதவி, அவளுடைய தாய் சித்திராபதி, மகள் மணிமேகலை. இரத்த உறவு இல்லாவிட்டாலும் மதுரையில் இடம் கொடுத்த மாதரியும் அவளுடைய மகள் ஐயையும் இதில் வரவேண்டும். முடிவெடுக்கும்போது கேட்கப்பட்டவர்களை நீலத்திலும், கேட்கப்படாதவர்களைச் சிவப்பிலும் எழுதுங்கள். கோவலன் கண்ணகியைக் கூட்டிக்கொண்டு இருளோடு புகாரை விட்டுப் புறப்பட்ட முடிவுக்கு இந்தப் படத்தை வரைந்தால், ஒற்றை முழுவதும் சிவப்பாகிவிடும்.

மூன்றாம் படி: இழந்தது என்ன என்பதைப் பொருளாகக் காட்டுங்கள்

‘குடும்பம் சிதைந்தது’ என்று எழுதுவது எளிது. எது சிதைந்தது என்று கேட்டால் விடை வராது. அதற்கு, இழப்புக்குச் சற்று முன்னர் அந்த வீடு எப்படி இருந்தது என்பதைத் தேடவேண்டும். இளங்கோ அதை ஒரு சமையலில் வைத்திருக்கிறார். மாதரி கொடுத்த சாலி அரிசியையும் காய்களையும் கொண்டு கண்ணகி சமைக்கிறாள். ஐயை அடுப்பு மூட்டிக் கொடுக்கிறாள். காய் அரிந்து அரிந்து கண்ணகியின் விரல்கள் சிவக்கின்றன, முகம் வியர்க்கிறது. பெருவணிகர் வீட்டுப் பெண்ணுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்பதைக் கவிஞர் தனியாகச் சொல்லத் தேவையில்லை. சிவந்த விரல்கள் சொல்லிவிடுகின்றன. வாழைக் குருத்தை விரித்துப் பரிமாறி, அவன் உண்டு முடித்ததும் வெற்றிலை கொடுக்கிறாள்.

அதன் பிறகுதான் கோவலன், பெற்றோர் சொல்லைக் கேளாமல் தவறினேன் என்று வருந்துகிறான். கண்ணகி அப்போது தன் துயரத்தை மட்டும் பேசவில்லை. அவன் இல்லாத நாட்களில் மாமனும் மாமியும் தன்னைப் பார்க்க வந்ததையும், தான் துன்பத்தை மறைத்துக்கொண்டு சிரித்த பொய்ச்சிரிப்பைக் கண்டு அவர்கள் நொந்ததையும் சொல்கிறாள். என்னைக் கேட்டால், முழுக் காப்பியத்திலும் குடும்பம் என்பது மிக நெருக்கமாகத் தெரிகிற இடம் இதுதான். மதுரை எரிகிற பகுதியைவிட இதைத்தான் நான் வகுப்பில் இரண்டு முறை வாசிப்பேன். அன்று அவள் பரிமாறியது அவன் உண்ட கடைசிச் சாப்பாடு.

நான்காம் படி: விளைவைத் தூரம் தூரமாகப் பாருங்கள்

கொப்பியில் மூன்று நிரல்கள் போட்டு, அன்றைக்கே நடந்தது, பின்னர் நடந்தது, பிள்ளைகளின் காலத்தில் நடந்தது என்று தலைப்பிடுங்கள். முதல் நிரல் சுலபம். கண்ணகியின் சிலம்பிலிருந்து மாணிக்கப் பரல் தெறிக்கிறது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. அரசன் இறக்கிறான், அரசியும் இறக்கிறாள்.

இரண்டாம் நிரலுக்கு வஞ்சிக் காண்டத்தில் நீர்ப்படைக் காதைக்குப் போகவேண்டும். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் இந்தப் பகுதியில்தான் மாடலன் என்ற அந்தணன் கணக்கை ஒப்புவிக்கிறான். மாசாத்துவான் தன் செல்வத்தைத் தானம் செய்து பௌத்தத் துறவியானான், கோவலனின் தாய் துயரம் தாங்காமல் இறந்தாள். மாநாய்கன் ஆசீவகர் முன் அறம் பூண்டான், கண்ணகியின் தாயும் இறந்தாள். அடைக்கலமாக வந்தவர்களைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் புகுந்தாள். இருவரையும் மதுரைக்குக் கூட்டிவந்த சமணத் துறவி கவுந்தியடிகள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டார். மாதரி செய்த பிழை என்ன என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

மூன்றாம் நிரலில் மணிமேகலையின் பெயர் வருகிறது. தாய் மாதவி துறவு பூண்டு, மகளையும் அந்த வழியிலேயே செலுத்துகிறாள். தந்தையின் கொலைக்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு வேறு வாழ்க்கை இருக்கவில்லை என்றும் எழுதலாம், ஒரு புதிய வாழ்க்கை கிடைத்தது என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் மூலத்திலிருந்து ஒரு வரியைச் சான்றாகக் காட்டவேண்டும்.

ஐந்தாம் படி: ஒரே வீட்டில் வேறு வேறு தெரிவுகளை ஒப்பிடுங்கள்

இதற்கு நமக்குக் கந்தபுராணத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. கோயில்களில் ஒருவர் பாட்டைப் படிக்க மற்றவர் பயன் சொல்லக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஐப்பசியில் சூரன் போரன்று தலை மாற்றி மாற்றி வரும் சூரனைத் தோளில் இருந்தபடி பார்க்காத பிள்ளை நம்மிடையே குறைவு. ஆனால் அந்தத் தலைகளை ஒரு குடும்பமாக நாம் நினைப்பதில்லை.

தம்பி சிங்கமுகன், மகன் பானுகோபன், இன்னொரு மகன் இரணியன் ஆகிய மூவருமே, வெவ்வேறு நேரங்களில், முருகனோடு போர் வேண்டாம் என்ற பொருளில் சூரபன்மனுக்குப் புத்தி சொன்னவர்கள். சூரன் மூவரையும் கடிந்துகொள்கிறான். இவ்வளவும் ஒன்றுபோல, இதற்குப் பிறகுதான் பாதை பிரிகிறது. அண்ணனின் வழி பிழை என்று அறிந்தே சிங்கமுகன் அவனுக்காகக் களம் புகுந்து மடிகிறான். பானுகோபனும் அவ்வாறே. இரணியனும் போருக்குப் போகிறான்; ஆனால் தந்தை மாளப்போவது உறுதி, இறுதிக்கடன் செய்ய ஒரு மகனாவது மிஞ்ச வேண்டும் என்று எண்ணி, மீன் வடிவெடுத்துக் கடலில் மறைந்துகொள்கிறான். அவன் கோழையா, கடமை தவறாத மகனா? இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு மணித்தியாலம் விவாதம் நடத்தலாம். அந்தியேட்டியின் அருமை தெரிந்த நம் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, அவன் பக்கத்து நியாயம் உடனே விளங்கும்.

ஆறாம் படி: ஊழ் என்ற சொல்லில் நின்றுவிடாதீர்கள்

ஊழ்வினை வந்து பற்றும் என்பது சிலப்பதிகாரமே சொல்லும் உண்மை. அதை மறுக்க வேண்டாம். ஆயினும் ‘எல்லாம் விதி’ என்று எழுதியவுடன் கட்டுரை நின்றுவிடும். பாண்டியன் தன்னையே கள்வன் என்று சொல்லிக்கொண்டு விழுந்தான். அவன் விதியின் மேல் பழியைப் போடவில்லை. அதை எழுதுங்கள்.

ஏழாம் படி: ஒரு பந்தி எழுதுங்கள்

தெரிவு, கேட்கப்படாத ஒருவர், அவர் இழந்த ஒரு பொருள் அல்லது செயல், மூலத்திலிருந்து ஒரு சான்று ஆகியவை அடங்கிய ஒரே ஒரு பந்தி போதும். ‘அரசனின் அவசரத்தால் பலர் துன்புற்றனர்’ என்பதை அடித்துவிட்டு, ‘அரசன் விசாரியாமல் சொன்ன ஒரு வார்த்தைக்காக, கோவலனை முன்பின் அறியாத மாதரி தீயில் இறங்கினாள்’ என்று எழுதிப் பாருங்கள்.

பழகுவதற்கு ஒரு கதைக்கரு தருகிறேன். மூத்த மகனை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்காகத் தந்தை வீட்டையும் வளவையும் ஈடு வைக்கிறார். மகனிடமிருந்து காசு வரவில்லை. இளைய மகளின் கலியாணம் தள்ளிப்போகிறது. எழுதுமுன் அந்தக் காணி யாருடையது என்று முடிவு செய்யுங்கள். ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமை என்ற யாழ்ப்பாணத்து வழக்குச் சட்டம் முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது), தேடியதேட்டம் (கலியாணத்தின் பின் தேடியது) என்று சொத்தைப் பிரித்துப் பார்க்கிறது. அது தாயின் சீதனக் காணி என்றால், அவளும் உறுதியில் கையெழுத்து வைத்திருக்கவேண்டும். நொத்தாரிசின் முன்னால் பேனையை வாங்கியபோது அவள் முகத்தைப் பார்த்தவர் யார், அந்த நேரத்தில் இளைய மகள் எங்கே நின்றாள் என்பதிலிருந்து உங்கள் பந்தியைத் தொடங்குங்கள்.