தூரின் திருத்துணியைப் பற்றி வீட்டில் வாதாடுவது எப்படி

தங்கச்சிமடத்தில் இந்த வாதம் பெரிய வெள்ளியன்று தொடங்கும். இத்தாலியில் தூரின் நகரில் ஒரு பழைய துணி இருக்கிறது, ஓர் ஆளின் உருவம் பதிந்தது; இயேசுவின் உடலைச் சுற்றி அடக்கம் செய்த துணி என்று பலர் நம்புகிறார்கள். யாராவது வாட்ஸ்அப்பில் அதிலுள்ள முகத்தை அனுப்பிவிடுவார்கள். மூடிய கண், நீண்ட மூக்கு, கீழே ‘விஞ்ஞானிகள் வாயடைத்துப்போனார்கள்’ என்று ஒரு வரி. ஏப்ரல் 15 பிறந்தால் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. என் தம்பிக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது, எனக்கு முப்பது வருஷம் வேதியியல் நடத்திய வாய் இருக்கிறது. வலை பொத்துகிற கொட்டகையில் இரண்டு பேரும் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஒரு வருஷம் அவன் பத்து நாள் என்னோடு பேசவில்லை. அதற்கப்புறம் வாதாடும் முறையை மாற்றிக்கொண்டோம்.

முதல் வேலை, கேள்வியைப் பிரிப்பது. அந்தத் துணி எந்தக் காலத்தது என்பது ஒரு கேள்வி. இயேசு உயிர்த்தாரா என்பது வேறு கேள்வி. தம்பி முதல் கேள்விக்கு இரண்டாவது கேள்வியின் கோபத்தோடு பதில் சொல்வான். நானும் யோக்கியமில்லை, துணியைப் பற்றிப் பேசும்போது அவன் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். திருச்சபையே இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடவில்லை. 1998இல் தூரினுக்குப் போன பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் (ஜான் பால்), இது விசுவாசத்துக்கு உட்பட்ட விஷயம் அல்ல, ஆராய வேண்டியவர்கள் விஞ்ஞானிகள் என்ற பொருளில்தான் பேசினார். அந்தத் துணியை நம்பினால்தான் கத்தோலிக்கன் என்று எங்கும் சட்டமில்லை. இதை இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட பிறகு டீ வாங்கி வரச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.

அடுத்து, யார் சொன்னது என்று பார்க்காமல் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். ‘நாத்திகர்கள் கிளப்பிவிட்டது’ என்பான் தம்பி. இந்தத் துணி பற்றிய உறுதியான பதிவு பிரான்ஸில் லிரே என்ற ஊரில், 1350களில்தான் தொடங்குகிறது. 1389இல் இது ஓவியன் கைவேலை என்று புகார் எழுதியவர் அந்தப் பகுதியின் ஆயர், பியேர் தார்சி. 1900ஐ ஒட்டி அந்தப் பழைய கடிதங்களைத் தேடி எடுத்து, துணிக்கு எதிராக எழுதிய உலிஸ் ஷெவலியேவும் ஒரு குருவானவர். தம்பி பக்கத்துக்கும் ஒரு நியாயம் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1898இல் செகோந்தோ பியா படம் எடுத்தபோது, நெகட்டிவில்தான் முகம் தெளிவாகத் தெரிந்தது. அவர் கை நடுங்கியிருந்தால் ஆச்சரியமில்லை.

இனி கார்பன். வாதம் முறிவதும் இங்கேதான், நேரம் செலவழிக்க வேண்டியதும் இங்கேதான். 1988இல் துணியின் ஒரு மூலையில் வெட்டிய துண்டை ஆக்ஸ்ஃபோர்டு, ஜூரிக், அரிசோனா ஆய்வகங்கள் மூன்றும் தனித்தனியே சோதித்தன. கிடைத்த காலம் 1260க்கும் 1390க்கும் இடையில். இதைப் படகுப் பையன்களுக்கு ஐஸ் பெட்டியை வைத்துத்தான் சொன்னேன். பெட்டியில் எவ்வளவு ஐஸ் போட்டோம், எந்த வேகத்தில் கரையும் என்று தெரிந்தால், மிச்சத்தைப் பார்த்து எப்போது போட்டது என்று சொல்லலாம் அல்லவா? அந்தத் துணி ஆளி விதைச் செடியின் நாரில் நெய்தது. செடி உயிரோடு இருக்கும்போது கார்பன்-14 என்ற, மெல்லச் சிதையும் கார்பன் வகை உள்ளே போகும். அறுத்த பிறகு கரைய ஆரம்பிக்கும். பாதியாகக் குறைய 5,730 வருஷம்.

“டீச்சர், நடுவுல எவனாவது புது ஐஸ் அள்ளிப் போட்டிருந்தா?” என்றான் ஒரு பையன். நான் பாடம் நடத்திய காலத்தில் இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

துணிக்குப் புது ஐஸ் என்றால் பின்னால் ஒட்டிய அழுக்கு. சரி, கணக்கைப் போட்டேன். இயேசு காலத்துத் துணி என்றால் அதில் கார்பன்-14 சுமார் 79 சதவீதம் மிச்சமிருக்கும். பதினான்காம் நூற்றாண்டு என்றால் 92. மெழுகுவர்த்திப் புகையும் கை அழுக்கும் 79ஐ 92 ஆக்க வேண்டுமானால், சோதித்த துண்டிலிருந்த கார்பனில் அறுபது சதவீதத்துக்கு மேல் இந்தக் காலத்து அழுக்காக இருக்க வேண்டும். அதற்குப் பெயர் துணியில் அழுக்கு இல்லை, அழுக்கில் துணி. தவிர, சோதிக்கும் முன் துண்டுகளைக் கழுவிச் சுத்தம் செய்தார்கள்.

தம்பியின் பலமான வாதம் வேறு. 1532இல், அப்போது துணி இருந்த ஷாம்பேரி கோயிலில் தீப்பிடித்துத் துணி கருகியது, கன்னியர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தார்கள். இது நடந்தது உண்மை. அதேபோல மூலையிலும் யாரோ கண்ணுக்குத் தெரியாமல் புது நூல் கோத்திருக்கலாம், அதை வெட்டிச் சோதித்துவிட்டார்கள் என்பது வாதம். ரேமண்ட் ரோஜர்ஸ் என்ற வேதியியலாளரும் 2005இல், அந்த மூலைத் துண்டு மற்றத் துணி மாதிரி இல்லை என்று எழுதினார். இதைக் கேலி செய்யாதீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

நான் பதில் சொல்லவில்லை. மடியிலிருந்த வலையை அவன் பக்கம் தள்ளி, “கண்ணை மூடிக்கிட்டு, நீ போன வருஷம் பொத்துன இடத்தைச் சொல்லு” என்றேன். கட்டைவிரலால் கண்ணி கண்ணியாகத் தடவிக்கொண்டே போனான். மூன்றாவது சாணில் நின்றது விரல். “இங்க. முடிச்சு இறுக்கம் வேற.” கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, “ஆனா அவங்க என்னைவிட நல்லாப் பொத்தியிருப்பாங்கக்கா” என்றான். 2002இல் அந்த ஒட்டுத்துணிகளைப் பிரித்துச் சீரமைத்தவர் மெக்டில்ட் ஃப்ளூரி-லெம்பெர்க் என்ற துணி வல்லுநர். அந்த மூலையில் கோத்த தடயம் இல்லை என்பது அவர் முடிவு. இத்தனைக்கும் அவர் துணியின் பழமையை நம்புகிறவர்களில் ஒருவர். அதைக் கேட்டதும் தம்பி டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

அவன் பக்கம் மிச்சமிருப்பதையும் நானே எடுத்து வைத்தேன். உருவம் நூலின் மேல் இழைகளில் மட்டும் படிந்திருக்கிறது. அதை எப்படி உண்டாக்கினார்கள் என்று எல்லோரும் ஏற்ற விளக்கம் இன்றுவரை இல்லை. அதனால் அது அற்புதம் என்று தாவாதீர்கள். காலம் தெரிந்துவிட்டது, இனிப் பேச ஒன்றுமில்லை என்றும் எழுந்து போகாதீர்கள். என் தீர்ப்பு கேட்டால், துணி பதினான்காம் நூற்றாண்டுதான்.

கடைசி விதியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஓரியூர் மண். விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனிதர் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம் ஓரியூர். அங்கே மண் சிவப்பு. அவர் இரத்தம் என்று அள்ளிவந்து வைத்துக்கொள்கிறோம். தம்பி படகிலும் ஒரு பொட்டலம் உண்டு. தேரிக்காட்டு மண் சிவப்பாக இருப்பது இரும்பு ஆக்சைடால் என்று முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதியவள் நான். “அப்ப இதையும் சோதிச்சுப் பாரேன்” என்று பொட்டலத்தை நீட்டினான்.

சோதனைக்கு முன்னால், என்ன முடிவு வந்தால் யார் என்ன செய்வோம் என்று சொல்லிவிட வேண்டும். இதுதான் அந்த விதி. “வெறும் இரும்புன்னு வந்தா படகிலிருந்து எடுத்துடுவியா?” என்றேன். “எடுக்க மாட்டேன். இரத்தம்னு வந்தா நீ தினம் பூசைக்குப் போவியா?” என்றான். மாட்டேன். இரண்டு பேருமே மாறப்போவதில்லை என்றால் எதற்குச் சோதனை? பொட்டலத்தை மடித்துக் கொடுத்துவிட்டேன்.

யாராவது காசு கேட்டால் மட்டும் இவ்வளவு பொறுமை வேண்டாம். திருத்துணியில் தொட்டு எடுத்த துணி, சான்றிதழோடு, என்று போனில் வந்த விளம்பரத்துக்குப் பணம் கட்டிவிட்டு எங்கள் தெருவில் ஓர் அக்கா இன்னும் பார்சலுக்குக் காத்திருக்கிறார். புனிதத் திருப்பண்டங்களை விற்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1190 சொல்கிறது. ஓரியூரில் மண்ணுக்கு என்னிடம் யாரும் காசு கேட்டதில்லை. பொட்டலம் மடிக்கப் பழைய பேப்பர் மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும்.